குடல் சுரக்கும் கிருமிக்கொல்லியை கேப்சூலாக விழுங்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. பல மாதங்களாக வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, எடை குறைவு. கொலனோஸ்கோபி செய்து, கிரோன் நோய் (குடலில் நீடித்த அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் நோய்) என்றும், சிறுகுடலின் கடைசிப் பகுதியிலும் இடப்பக்கப் பெருங்குடலிலும் புண் இருக்கிறது என்றும் சொன்னார்கள். ஸ்டீராய்டு கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியாயிற்று. ஒரு மாதமாக அசதயோப்ரின் (நோய் எதிர்ப்பாற்றலைக் குறைத்து அழற்சியை அடக்கும் மருந்து) சாப்பிடுகிறான், இப்போது பரவாயில்லை. பயாப்சி அறிக்கையில் இடப்பக்கப் பெருங்குடலில் 'பானெத் செல் மெட்டாபிளேசியா' என்று இருந்தது. அது என்ன என்று தேடியபோது, சிறுகுடலின் உட்சுவர்ச் செல்களே கிருமிகளைக் கொல்லும் பெப்டைடுகளை (சின்னப் புரதத் துணுக்குகளை) சுரக்கின்றன, கிரோன் நோயில் அது குறைந்துபோகிறது என்று படித்தோம். தெரிந்தவர் ஒருவர் அந்தப் பெப்டைடு, லைசோசைம் என்ற நொதி, துத்தநாகம் மூன்றும் கலந்த கேப்சூலை விற்கிறார். மூன்று மாதம் சாப்பிட்டால் அசதயோப்ரினை நிறுத்திவிடலாம் என்கிறார். தம்பிக்கு அதில் ஆசை. சின்ன வயதில் அடிக்கடி ஆன்டிபயாடிக் கொடுத்ததால்தான் இப்படி ஆனது என்று அம்மா அழுதுகொண்டே இருக்கிறார். எனக்கு நான்கு வயதில் ஒரு மகள். அவளுக்கும் வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேப்சூலை வாங்குவதும் வாங்காததும் அப்புறம். அசதயோப்ரினை உங்கள் தம்பி தானாக நிறுத்தக் கூடாது. அது மெதுவாக வேலை செய்கிற மருந்து. பலன் சரியாகத் தெரியவே 8 முதல் 12 வாரம் ஆகும். 'மூன்று மாதம்' என்று சொல்கிற உங்கள் தெரிந்தவருக்கு இது தெரியுமோ தெரியாதோ, கணக்கு மட்டும் கச்சிதமாக அமைந்திருக்கிறது. மூன்றாவது மாதம் தம்பி தெம்பாக இருப்பான், பெயர் கேப்சூலுக்குப் போகும். மருந்தை விட்டபின் சில மாதம் கழித்து நோய் தலைதூக்கினால் அந்தப் பழி மட்டும் யாருக்கும் போகாது, 'உடம்பு வாகு' என்று முடித்துவிடுவார்கள்.

இனி நீங்கள் படித்த விஷயத்துக்கு வருகிறேன். அதில் பெரும்பகுதி உண்மை. அரைகுறையாகச் சொல்லப்பட்ட உண்மை என்பதால்தான் அதை வைத்துக் கேப்சூல் விற்க முடிகிறது. மீதிப் பாதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அதைப் படித்தால் முடிவு உங்களுக்கே தெரிந்துவிடும்.

சிறுகுடலின் உட்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவற்றின் அடியில், இரண்டு உறிஞ்சிகளுக்கு நடுவே, நுண்ணிய குழிகள் உண்டு. லீபர்கூன் குழிகள் என்று பெயர். உட்சுவரின் செல்கள் எல்லாமே இந்தக் குழிகளில்தான் பிறக்கின்றன. அடியில் இருக்கும் ஸ்டெம் செல்கள் ஓயாமல் பிரிகின்றன, புதிய செல்கள் மேலே ஏறி, 3 முதல் 5 நாளில் உறிஞ்சியின் நுனியிலிருந்து உதிர்ந்துவிடுகின்றன. ஒரே ஒரு வகை மட்டும் மேலே ஏறாமல் கீழே இறங்கி, ஸ்டெம் செல்களுக்கு இடையிடையே குந்திக்கொள்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் அங்கேயே இருக்கிறது. அதுதான் உங்கள் அறிக்கையில் வந்த பானெத் செல். குஸ்டாவ் ஷ்வால்பே 1872-லேயே இதைப் பார்த்து எழுதிவிட்டார். ஆனால் 1888-இல் விரிவாக விவரித்த வியன்னாவின் யோசெஃப் பானெத்தின் பெயர்தான் நிலைத்தது. பாவம், அந்த மனிதர் 1890-இல் இளம் வயதிலேயே போய்ச் சேர்ந்தார். செல்லுக்குள் மினுமினுத்த பெரிய துகள்கள் எதற்கு என்று தெரிய இன்னும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

அந்தத் துகள்களுக்குள்தான் சரக்கெல்லாம் இருக்கிறது. நீங்கள் படித்த கிருமிக்கொல்லிப் பெப்டைடுகளில் ஆல்ஃபா டிஃபென்சின் என்ற வகையில் இரண்டு: எச்டி5, எச்டி6. கூடவே லைசோசைம், பாக்டீரியாவின் கொழுப்புப் படலத்தை அறுக்கும் ஒரு பாஸ்போலிப்பேஸ், ரெக்3 வகைப் புரதங்கள், நிறையத் துத்தநாகம். ரெக்3 புரதங்களை, உணவை உறிஞ்சும் சாதாரணச் செல்களும் சுரக்கின்றன. பானெத் செல் மட்டும்தான் இந்த வேலையைச் செய்கிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

எச்டி5 வெறும் 32 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னத் துணுக்கு. நேர்மின்னூட்டம் உடையது. பாக்டீரியாவின் வெளிச்சவ்வு எதிர்மின்னூட்டம் உடையது என்பதால் அதில் போய் ஒட்டி, சவ்வைக் குலைக்கிறது. நம் செல்களின் வெளிப்பக்கம் பெரும்பாலும் மின்னூட்டம் இல்லாதது. அதில் கொலஸ்டிராலும் உண்டு. அதனால் நமக்குச் சேதம் குறைவு. குறைவுதான், அறவே இல்லை என்று சொல்ல முடியாது. அதனால்தான் உடம்பு இதில் ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது. பானெத் செல்லுக்குள் எச்டி5 செயலற்ற வடிவத்தில்தான் இருக்கும். வெளியே கொட்டியபின் அதே செல் சுரக்கும் டிரிப்சின் என்ற நொதி அதன் ஒரு முனையை வெட்டினால்தான் அது வேலையைத் தொடங்கும். எச்டி6 இன்னொரு விசித்திரம். கொல்லும் திறமை அதற்கு அனேகமாக இல்லை. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மெல்லிய வலையாகி, சால்மோனெல்லா போன்ற கிருமிகளைச் சிக்கவைத்து, சுவரைத் தொடவிடாமல் செய்கிறது. இது 2012-இல் தெரியவந்தது. பெயரில் 'கிருமிக்கொல்லி' இருந்தாலும் சில பெப்டைடுகளின் வேலை கொல்வது இல்லை, தள்ளி நிறுத்துவது.

உங்கள் கேள்விக்கு முக்கியமான இடம் இதுதான். முன்சிறுகுடலில் ஒரு மில்லி லிட்டருக்கு ஆயிரக்கணக்கில் இருக்கும் பாக்டீரியா, சிறுகுடலின் கடைசியில் கோடிக்கணக்கில் ஏறி, பெருங்குடலில் கிராமுக்குப் பத்தாயிரம் கோடி அளவுக்குப் போகிறது. இத்தனையையும் கொன்று தீர்ப்பது உடம்பின் நோக்கமாக இருந்திருந்தால் அது என்றைக்கோ தோற்றிருக்கும். அந்தப் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை நமக்கு வேண்டியவையும்கூட. உடம்பு கேட்பதெல்லாம் ஓர் இடைவெளி. எலிகளில் ரெக்3காமா என்ற புரதத்தை நீக்கிப் பார்த்த ஆய்வு ஒன்று 2011-இல் வந்தது. சாதாரண எலியின் சிறுகுடலில் பாக்டீரியாக் கூட்டத்துக்கும் சுவருக்கும் இடையே சுமார் 50 மைக்ரோமீட்டர் இடைவெளி இருக்கும். அந்தப் புரதம் இல்லாத எலிகளில் இடைவெளி போய்விட்டது. கிருமிகள் சுவரோடு வந்து ஒட்டிக்கொண்டன. ஆனால் குடலின் நடுவே மிதக்கும் பாக்டீரியாவின் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. மனிதனில் இதற்கு இணையான புரதம் ரெக்3ஏ.

ஆக, இந்தப் பெப்டைடுகளுக்கு மதிப்பு அவை இருக்கும் இடத்தால்தான். குழியை ஒரு கிணறு என்று வைத்துக்கொண்டால் பானெத் செல்கள் அதன் அடியில் இருக்கும் ஊற்றுக்கண். சுரப்பு அடியிலிருந்து பொங்கி மேலே வருகிறது. குறுகிய இடம் என்பதால் அங்கே அடர்த்தி மிக அதிகம். ஆய்வகத்தில் பாக்டீரியாவைக் கொல்ல மில்லி லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் போதும் என்றால், சுரக்கும் தருணத்தில் குழிக்குள் இருப்பது மில்லிகிராம் கணக்கில் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அங்கிருந்து வெளியே வந்து சளிப்படலத்தில் தங்கி, அதைத் தாண்டியதும் நீர்த்துப்போகிறது. குழியின் அடியில் ஸ்டெம் செல்கள் இருப்பதையும் சேர்த்துப் பாருங்கள்: குடலின் விதைநெல்லே அங்கேதான் இருக்கிறது, காவலும் அங்கேதான். பானெத் செல்கள் அந்த ஸ்டெம் செல்களுக்கு வளர்ச்சிச் சமிக்ஞைகளும் கொடுக்கின்றன.

இப்போது கேப்சூல். வாய்வழியாக வரும் எதுவும் குடலின் நடுவே, அந்தப் பெரும் கூட்டத்துக்குள்தான் போய் விழும். குழியின் அடிக்கு அது போய்ச் சேர வேண்டுமானால் ஊற்றை எதிர்த்து, சளிப்படலத்தைக் கடந்து இறங்க வேண்டும். வழியில் இரைப்பையின் அமிலமும் பெப்சினும் கணையத்தின் நொதிகளும் வேறு. டிஃபென்சின்களின் மூன்று கந்தகப் பிணைப்புகள் அவற்றை ஓரளவு காப்பாற்றும் என்பது உண்மை. ஆனாலும் கிரோன் நோய்க்கு என அங்கீகாரம் பெற்ற டிஃபென்சின் மருந்து இன்றுவரை ஒன்றுகூட இல்லை. ஆய்வுகள் நடக்கின்றன, எலிகளில் சில முயற்சிகள் நம்பிக்கை தருகின்றன, அவ்வளவுதான். கேப்சூல் அட்டையில் 'பெப்டைடு' என்று மட்டும் போட்டிருந்தால், அது டிஃபென்சினா வெறும் புரதத் துணுக்கா என்றுகூட உங்களால் சொல்ல முடியாது.

லைசோசைம் கதை இன்னும் சுவாரசியம், தம்பிக்கு நேரடியாகத் தொடர்புடையதும்கூட. 1922-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் மூக்குச்சளியில் கண்டுபிடித்து எழுதிய நொதி இது, பென்சிலினுக்கு முன்பே. முட்டையின் வெள்ளைக்கருவிலிருந்து எளிதாகப் பிரித்தெடுக்கலாம் என்பதால் மலிவு. கேப்சூலில் அதைச் சேர்ப்பதற்கு உண்மையான காரணம் அதுவாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஆபத்து. அதைவிட முக்கியமான ஒன்று உங்கள் கையிலிருக்கும் அறிக்கையிலேயே இருக்கிறது.

பானெத் செல்கள் சிறுகுடலில், அதிலும் அதன் கடைசிப் பகுதியில், அதிகம். பெருங்குடலின் தொடக்கத்திலும் வலப்பக்கத்திலும் கொஞ்சம் இருப்பது இயல்பு. இடப்பக்கத்தில் இருக்கக் கூடாது. அங்கே அவை தென்பட்டால், அந்தச் சுவர் நெடுநாள் அழற்சியால் புண்பட்டு, ஆறி, மறுபடியும் புண்பட்டு, தன் இயல்பை மாற்றிக்கொண்டது என்று பொருள். 'மெட்டாபிளேசியா' என்று எழுதியிருப்பது இதைத்தான். அது புற்றுநோய் அல்ல. தனியாக மருந்து தேவைப்படும் விஷயமும் அல்ல. நோய் நாள்பட்டது என்பதற்கான தடயம். ஆகவே 'பானெத் செல் குறைந்துவிட்டது, ஈடுகட்ட வேண்டும்' என்று அந்த வரியைப் புரிந்துகொண்டிருந்தால், அது தலைகீழாகப் புரிந்துகொண்டது. அந்த இடத்தில் இருக்கக் கூடாத செல்களும், அவை சுரக்கும் லைசோசைமும் இருக்கின்றன. 2020-இல் வந்த எலி ஆய்வு ஒன்றில், பானெத் செல் லைசோசைம் இல்லாத எலிகளுக்குப் பெருங்குடல் அழற்சி குறைவாகவே வந்தது. பெருங்குடல் சுவரிலேயே லைசோசைமைச் சுரக்கவைத்தபோது அழற்சி மோசமானது. எலியில் நடந்தது மனிதனில் அப்படியே நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெருங்குடலிலும் நோய் உள்ள ஒருவருக்கு லைசோசைமை 'எவ்வளவு போனாலும் நல்லதுதான்' என்று கொடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

துத்தநாகம் பற்றி ஒரு வரி. வயிற்றுப்போக்கு நீண்டுபோன கிரோன் நோயாளிகளில் சிலருக்கு அது குறைவது உண்டு. மருத்துவர் பார்த்து, குறைவு என்றால் கொடுப்பார். சும்மா மாதக்கணக்கில் அதிக அளவில் சாப்பிட்டால் உடம்பில் தாமிரம் குறைந்து இரத்தசோகையும் நரம்புக் கோளாறும் வரலாம்.

சரி, கிரோன் நோயில் டிஃபென்சின் குறைகிறது என்று படித்தீர்களே, அது பொய்யா? இல்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் நோய் உள்ளவர்களிடம் எச்டி5, எச்டி6 அளவு குறைந்திருப்பதைப் பல குழுக்கள் பார்த்திருக்கின்றன. கிரோன் நோயோடு முதன்முதலில், 2001-இல், தொடர்புபடுத்தப்பட்ட நாட்2 என்ற ஜீன் பாக்டீரியாவின் சுவர்த் துணுக்குகளை உணர்வது. அது குறிப்பாகப் பானெத் செல்களில் அதிகம் இயங்கும் ஜீன். ஏடிஜி16எல்1 என்ற இன்னொரு ஜீனில் மாற்றம் இருந்தால் பானெத் செல்லின் துகள்கள் ஒழுங்காகக் கட்டப்படுவதில்லை. இவற்றை வைத்து, கிரோன் நோயே அடிப்படையில் பானெத் செல் நோய்தான் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எதிர்த்தரப்பு, அழற்சியால் சுவர்ச் செல்கள் அழிவதால்தான் டிஃபென்சின் குறைகிறது, அது விளைவே தவிரக் காரணம் இல்லை என்கிறது. முட்டை முந்தியா கோழி முந்தியா என்கிற வழக்கு இது. சிலருக்குக் காரணம், வேறு சிலருக்கு விளைவு, பலருக்கு இரண்டும் கலந்தது என்பது என் எண்ணம். எதுவானாலும் சிகிச்சை அளவில் இப்போதைக்குப் பொருள் ஒன்றே: அழற்சியை அடக்கி, சுவர் ஆற அவகாசம் கொடுப்பது. குழிகள் ஆறி மீளும் இடத்தில்தான் பானெத் செல்களும் ஒழுங்காக வேலை செய்யும். தம்பி சாப்பிடும் அசதயோப்ரின் அதற்குத்தான் வழி செய்கிறது. 'டிஃபென்சினைக் கூட்டும்' என்று அதன் அட்டையில் எழுதியிருக்காது, அவ்வளவே.

இந்தச் செல்களுக்காக நீங்களாகச் செய்யக்கூடியது உண்டா என்றால், உண்டு. எதுவும் கேப்சூலில் வராது. தம்பி புகைபிடிப்பவர் என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். கிரோன் நோயைப் புகை மோசமாக்கும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த உண்மை. மேலே சொன்ன ஏடிஜி16எல்1 மாற்றம் உள்ளவர்களிடம் புகை பானெத் செல்லையே கெடுப்பதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன. இந்த நோய்க்குத் தம்பி தன் கையால் செய்துகொள்ளக்கூடிய ஆகப் பெரிய உதவி அதுதான். வைட்டமின் டி அளவைப் பார்த்து, குறைவாக இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் சரிசெய்யுங்கள். தலைவலி, மூட்டுவலி என்று ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போட வேண்டாம், நோய் கிளம்பக்கூடும். பட்டினி, கடும் டயட் இவையும் வேண்டாம். உணவு இல்லாதபோது குழிகளில் இந்தச் சுரப்பு குறைவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். அதை விடுங்கள், எடை குறைந்த ஒருவர் பட்டினி கிடப்பது எப்படிப் பார்த்தாலும் தவறு. நார்ச்சத்து நல்லதுதான், ஆனால் குடலில் சுருக்கம் இருந்தால் அதுவே அடைப்பாகும். ஸ்கேன் அறிக்கையைக் காட்டிக் கேட்டுக்கொண்டபின் கூட்டுங்கள்.

அசதயோப்ரின் சாப்பிடும் வரை இரத்த அணுக்களையும் கல்லீரலையும் பரிசோதிக்கச் சொல்லியிருப்பார்கள். உடம்பு நன்றாக இருக்கிறது என்று அதைத் தள்ளிப்போட வேண்டாம். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸுக்கு (100.4 ஃபாரன்ஹீட்) மேல் போனாலோ, வயிறு உப்பி வாந்தி வந்து வாயு பிரியாமல் போனாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடுத்த முறை போகும்போது கேப்சூல் அட்டையையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள். திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள். தம்பி ஏற்கெனவே சாப்பிடத் தொடங்கியிருந்தால் மருத்துவர் அதைத் தெரிந்துகொண்டாக வேண்டும்.

அம்மாவிடம் சொல்ல வேண்டியது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் குறைக்கும்போது, பாக்டீரியா தரும் சமிக்ஞையும் குறைவதால், ரெக்3 சுரப்பு குறைகிறது. எலிகளில் இது 2008-இல் தெளிவாகக் காட்டப்பட்டது. அதே ஆய்வில், பாக்டீரியாவின் ஒரு மூலக்கூறை வாய்வழி கொடுத்ததும் சுரப்பு திரும்பியதும் காட்டப்பட்டது. சிறுவயதில் அதிக ஆன்டிபயாடிக் எடுத்தவர்களிடம் பின்னாளில் கிரோன் நோய் சற்று அதிகம் என்று மக்கள்தொகை ஆய்வுகள் சில சொல்கின்றன. ஆனால் எத்தனையோ குழந்தைகள் அதே மருந்தைச் சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் வளர்கிறார்கள். அடிக்கடி தொற்று வந்ததே உள்ளே இருந்த பலவீனத்தின் அறிகுறியாகவும் இருந்திருக்கலாம். ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கு, ஒரு குறிப்பிட்ட மருந்தால் வந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. காய்ச்சலில் துவண்ட பிள்ளைக்கு மருத்துவர் எழுதியதை வாங்கிக் கொடுத்தவர் உங்கள் அம்மா. இதை நான் சொன்னதாகவே அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் மகளைப் பற்றி. கிரோன் நோயில் பரம்பரைக்குப் பங்கு உண்டு, ஆனால் அது தலையெழுத்து இல்லை. ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட, பெரும்பாலான ஆய்வுகளில் மற்றவருக்கு வருவது பாதிக்கும் குறைவாகவே இருக்கிறது. உங்கள் மகள் தாய்மாமன் வழியில் இரண்டாம் நிலை உறவு. அவளுக்கு மற்றக் குழந்தைகளைவிட வாய்ப்பு சற்றே கூடலாம், அவ்வளவுதான். நாட்2 ஜீன் பரிசோதனை செய்யலாமா என்று கேட்கத் தோன்றும். வேண்டாம். அந்த ஜீனில் பிரபலமான மூன்று மாற்றங்கள் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் பரவலாக இருப்பவை. ஆசிய மக்களிடம் மிக அரிது. மாற்றம் இருப்பவர்களிலும் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. எந்த அறிகுறியும் இல்லாத குழந்தைக்கு இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதுவும் தேவையில்லை. சில வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுவலி, மலத்தில் இரத்தம், உயரமும் எடையும் ஏறாமல் நிற்பது, ஆசனவாயைச் சுற்றி ஆறாத புண் இவற்றில் எதுவாவது தெரிந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மாமனுக்கு இந்த நோய் இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். மற்றபடி அவளை எல்லாக் குழந்தைகளையும் போலவே வளருங்கள்.